ஐந்து கிலோ காற்று

முள் இன்னும் அசையவில்லை. அசையாது, எனக்குத் தெரியும், இந்த வண்டிக்குக் காற்று ஏறுவதென்றால் புது மாப்பிள்ளையைக் காலையில் எழுப்புகிற கதைதான், எஞ்சின் ஓட ஆரம்பித்து இரண்டு மூன்று நிமிஷம் கழித்துத்தான் மீட்டருக்கே விஷயம் எட்டும், அப்புறம் ஒரு கிலோ, அதற்கப்புறம் ஒரு யோசனை, இரண்டு கிலோ, இன்னொரு யோசனை, ஐந்து கிலோ ஏறி முடிய இருபது நிமிஷம், ஐந்து ஏறாமல் பிரேக்கை எடுக்கக் கூடாது, எடுத்தால் வண்டி போகும், நிற்காது. பதினேழு வருஷம் தினமும் காலையில் இந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து இந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கல் குவாரியிலிருந்து கல் உடைக்கிற கிரஷர் வரை மூன்று மைல் தண்டவாளம், போக ஒரு தடவை, வர ஒரு தடவை, அதற்கு முன்னால் இந்த இருபது நிமிஷம். அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். இன்றைக்கு, அறுபத்து மூன்று வயதில், ஏதோ ஒரு ஊர் மியூசியத்தின் தகரக் கொட்டகைக்குள் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், அதே அதிர்வு முதுகெலும்பில் ஏறுகிறது, அதே டீசல் வாசனை, மூக்குக்கு இது மறக்கவே இல்லை, நான் கொடுத்து வைத்தவன், வாய்விட்டே சொல்லலாம், கொடுத்து வைத்தவன். ஆனால் இந்த இருபது நிமிஷம் முடிந்ததும் வண்டியைப் பெயின்ட் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும், அங்கே வேலப்பன் என்கிற ஃபிட்டர் கிரைண்டரோடு காத்திருக்கிறான், வண்டியில் ஏற நான் கால் வைத்த என் படியை அறுத்து எடுக்கப்போகிறான்.

அறுக்கக் கூடாதென்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் ஃபர்சானா, இந்த மியூசியத்தின் இன்ஜினியர், என் மகள் வயதுதான் இருக்கும், எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறாள், கடிதம் போட்டு, ரயில் டிக்கெட் அனுப்பி, ஸ்டேஷனுக்கு வந்து பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு. இந்த மாதிரி எஞ்சின் மொத்தமே மூன்றுதான் செய்தார்களாம் ஐயா, மற்ற இரண்டும் பழைய இரும்புக்குப் போய்விட்டன, மிச்சம் இருப்பது உங்கள் இரண்டாம் நம்பர் மட்டும்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு அது தெரியாது. மூன்றில் ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று யார் சொன்னார்கள், புகை கக்குகிறது, படுத்துகிறது, ரேடியேட்டர் ஒழுகுகிறது என்றுதான் தெரியும். குவாரியில் கல்லைக் கொண்டுபோக ஓடும் பெல்ட் போட்டு வண்டிகளை நிறுத்திய பிறகு இது பதினேழு வருஷம் ஒரு வேப்பமரத்தடியில் கிடந்தது. பதினேழு வருஷம் ஓட்டம், பதினேழு வருஷம் கிடை. எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, ஒன்பது பூச்சுப் பெயின்ட்டைச் சுரண்டி, மறுபடி ஓட வைத்திருக்கிறார்கள், இவர்கள் நன்றாக இருக்க வேண்டும். இந்த வண்டியை ஓட்டியவர்களில் உயிரோடிருக்கும் ஒரே ஆள் நீங்கள் என்று அவள் கடிதத்தில் எழுதியிருந்தாள். அதையும் நான் திருத்தவில்லை. இசக்கி வாசித்துக் காட்டினாள், ஒரே ஆள் என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள், மேலே வாசி என்றேன், வாசித்தாள். என் பெண்டாட்டியிடம் இருக்கிற நல்ல குணமே இதுதான், பார்ப்பாள், கேட்க மாட்டாள், முப்பத்து நாலு வருஷமாகக் கேட்கவில்லை.

அரைக் கிலோ. ஏறுகிறது. படத்தை ஃபர்சானா தன் போனில்தான் காட்டினாள், கொஞ்ச நேரத்துக்கு முன்னால், நான் ஏறி உட்கார்ந்ததும். வண்டி வந்தபோது கூடவே வந்த வரைபடத்தில் இடது பக்கம் இரண்டு படிதான் ஐயா, ஆனால் இங்கே மூன்று இருக்கிறது, கீழே ஒரு சாண் தொங்குகிறதே, அது பிறகு யாரோ சேர்த்தது என்றாள். எங்கள் விதிப்படி ஃபேக்டரியிலிருந்து எப்படி வந்ததோ அப்படித்தான் வைக்க வேண்டும். பிறகு சேர்த்ததை வைத்துக்கொள்ளலாம், ஆனால் யார் செய்தது, எதற்குச் செய்தது என்று தெரிந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றாள். அப்புறம்தான் அந்தப் படம். படியின் அடிப்பக்கம், பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பு, அதில் பஞ்ச் அடித்த மூன்று எண். நாலு, ஒன்று, ஏழு. வெல்டர்கள் எல்லாருக்கும் அது வழக்கம், ஒரு வேலை முடித்தால் ஓரத்தில் தன் டோக்கன் நம்பரை அடிக்க வேண்டும், நாளைக்கு அது விட்டுப்போனால் யார் கழுத்தைப் பிடிப்பது என்று தெரிவதற்காக. இந்த நம்பர் யாருடையது என்று தெரியுமா ஐயா என்றாள். தெரியாதும்மா என்றேன். எவ்வளவு சட்டென்று வந்தது, பல் விளக்குகிற மாதிரி, பழகிய பொய். தெரியாதாம். என் சொந்த நம்பர் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, அதையாவது மறப்பேன், நானூற்றுப் பதினேழை மறக்க மாட்டேன், கேட் பக்கத்தில் டோக்கன் பலகையில் பித்தளை வில்லைகள் தொங்கும், தினமும் முதலில் பார்ப்பது அந்த ஆணியைத்தான், வில்லை அங்கேயே தொங்கினால் ஆள் இன்னும் வரவில்லை, வழியில் எதிர்ப்படலாம், டீக்கடைப் பக்கம் ஒதுங்கி நிற்பேன். வில்லை இல்லையென்றால் ஆள் உள்ளே போயாகிவிட்டது, நிம்மதியாக நடப்பேன். ஒரு மனுஷனோடு பேசாமல் இருப்பது என்பது லேசான வேலை இல்லை, அவன் எங்கே இருக்கிறான் என்று எப்போதும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஞானதுரை. மனசுக்குள்கூடப் பெயரைச் சொல்லி எத்தனை நாளாகிறது. அவர்தான் எனக்கு முன்னால் இந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர், நான் கீழே கப்ளிங் போடுகிறவன், எனக்கு இருபத்தொன்பது, அவருக்கு முப்பத்தெட்டு, அண்ணாச்சி அண்ணாச்சி என்று பின்னாலேயே சுற்றுவேன். குவாரியில் கொடி காட்டிப் பிரயோஜனம் இல்லை, சுண்ணாம்புத் தூசியில் பச்சைக் கொடியும் வெள்ளை, சிவப்புக் கொடியும் வெள்ளை, மனுஷனும் வெள்ளை. அதனால் எங்களுக்குத் தட்டுதான். கல் ஏற்றிய தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே நான் நின்று கொக்கியை மாட்டி, வெளியே வந்து, கப்ளிங் கம்பியால் எஞ்சினின் முன் இரும்பில் தட்டுவேன், ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் வா, எஞ்சின் சத்தத்தில் காதில் விழாவிட்டாலும் பாதத்தில் விழும் என்பார் ஞானதுரை, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார், அந்த இரண்டு தட்டுக்காக. அன்றைக்கு மழை ஓய்ந்திருந்த நேரம். நான் நடுவில் குனிந்திருந்தேன், கொக்கி மாட்டவில்லை, கையில் கம்பி இருந்தது, தட்டவில்லை. வண்டி வந்தது. இடது கால். அதற்கு மேல் எனக்கு ஞாபகமில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே மூன்று பேர் வந்து விசாரித்தார்கள், நீ தட்டினாயா என்று கேட்டார்கள், தட்டவில்லை என்றேன், சத்தியமான பேச்சு. இரண்டு தட்டு கேட்டது, பாதத்தில் கேட்டது என்று ஞானதுரை சொன்னதை யாரும் நம்பவில்லை. அவரை வண்டியிலிருந்து இறக்கி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்கள், அங்கே வெல்டிங் பழகிக்கொண்டார். அவர் ஸ்டூல் காலியாயிற்று, உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று நொண்டிக்கு அதைக் கொடுத்தார்கள்.

ஒன்றரை. நின்றுவிட்டது போலிருக்கிறது, இல்லை, துடிக்கிறது. எனக்குள் எது நின்று துடிக்கிறதென்றும் எனக்குத் தெரியும், அதைச் சுற்றிச் சுற்றித்தான் வருகிறேன், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டின கையைத் துடைக்கிற மாதிரி வேறெதையாவது எடுத்து எடுத்துத் துடைக்கிறேன். படியை நினைப்போம். ஏழு மாசம் கழித்து வேலைக்கு வந்தேன். கால் இரண்டு அங்குலம் குறைவு, முட்டி மடங்காது. மேனேஜர் நல்லவர்தான், ஆனால் விதி என்று ஒன்று உண்டு, ஒரு மாசம் பார்ப்போம், யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்க வேண்டும், முடியாவிட்டால் வேறு வழியில்லை என்றார். முதல் படி தரையிலிருந்து என் முட்டிக்கு மேலே. வீட்டில் முக்காலியை வைத்து ஏறிப் பழகினேன், மூன்று தடவை விழுந்தேன், இசக்கி தலையணையைக் கொண்டுவந்து சுற்றிலும் போட்டாள், விழட்டும், விழுந்து பழகுங்க என்றாள். அப்போது மகளுக்கு ஒன்றரை வயது. முதல் நாள் காலையில் வண்டிக்கு முன்னால் போய் நிற்கும்போது, இன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் நின்றேன், பார்த்தால் கீழே ஒரு படி. நேற்று வரை இல்லாதது. சரியாக என் இடது கால் எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில், அதற்கு அரை அங்குலம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. மேலே வழுக்காமலிருக்க வரிவரியாக வெல்டிங் ஓட்டியிருந்தது. காலை வைத்தேன், ஏறினேன். உள்ளே உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டு அழுதேன், அன்றைக்கும் இருபது நிமிஷம் ஆயிற்று, நல்லவேளை.

யார் செய்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாமா ஒரு மனுஷன். நானாகவே முடிவு கட்டினேன், ஃபோர்மேன் சபாபதி, அவர் உத்தரவில்லாமல் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஆணி நகருமா. ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்து, சார், நீங்க செஞ்சது என் குடும்பத்துக்கே என்று ஆரம்பித்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த மகானுபாவர் ஒரு நொடி முழித்தார், பிறகு, சரி சரி, நல்லாயிரு என்று வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கு என் வீட்டு அல்வா. அவர் ரிட்டயர் ஆகும்வரை பதினோரு தீபாவளி. ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார் என்று கேள்வி. வெல்டிங் மூலையில் இருந்த ஆளுக்கும் ஒரு துண்டு போயிருக்குமா, வாங்கியிருப்பாரா, தின்றிருப்பாரா. அல்வாவை விண்டுகொண்டே மனசுக்குள் சிரித்தாரா, இல்லை கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனாரா. எந்த மடையனும் நன்றியைத் தப்பான விலாசத்துக்குப் பதினோரு வருஷம் அனுப்பியிருக்க மாட்டான். வெட்கமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.

மூன்று. எப்போது மூன்றாயிற்று. கீழே ஃபர்சானா வேலப்பனோடு பேசிக்கொண்டிருக்கிறாள், அவன் கிரைண்டரில் புது வட்டு மாட்டித் திருகுகிறான், அவன் மேல் என்ன தப்பு, சொன்ன வேலையைச் செய்கிறான். இங்கிருந்து பார்த்தால் படியின் மேல்பக்கம் தெரிகிறது, பெயின்ட் இல்லாமல், வரிவரியாக, சாம்பல் நிறத்தில் பளபளக்கிறது. நல்ல இரும்பு, பதினேழு வருஷம் மிதித்தும் தேயவில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். பதினேழு வருஷம், ஒரு நாளைக்கு ஆறு தடவை, என் பூட்ஸின் அடியில் இரண்டு அங்குலக் கட்டை, கட்டையின் அடியில் லாடம், சுண்ணாம்புக் கல் பொடி வேறு, அரத்தால் தேய்க்கிற மாதிரி. மேல் படி இரண்டும் நடுவில் குழிந்து கிடக்கின்றன, பார்த்தாலே தெரிகிறது, வழவழவென்று. அதே வண்டி, அதே கால்தான். கீழ்ப் படி மட்டும் தேயவில்லை. எப்படித் தேயாமல் இருக்கும். தேய்ந்திருக்கிறது. தேயத் தேய யாரோ புதிதாக வரி போட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி சர்வீஸுக்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போகும், மழைக்கு முன்னால், ஐப்பசி பிறக்கும் முன்னால், மூன்று நாள் நிற்கும், நான் அந்த மூன்று நாளும் லீவு போட்டுவிடுவேன், அந்த ஆள் முகத்தைப் பார்க்க வேண்டாமென்று. பதினேழு மழைக்காலம். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. கடவுளே, ஒரு தடவைகூட நான் வழுக்கவில்லை.

இதற்கு மேல் சுற்றி வர வழியில்லை. கல் விழுந்தது. அன்றைக்கு நான் குனிந்திருந்தபோது தலைக்கு மேலே தொட்டியில் குவிந்திருந்த கல்லில் இரண்டு, மழையில் பிடி விட்டு, உருண்டு எஞ்சினின் முன் இரும்பில் விழுந்தன. டக். டக். நான் கேட்டேன். இந்த இரண்டு காதாலும் கேட்டேன், ஐயோ, என் தட்டு மாதிரியே இருக்கிறதே என்று நினைக்கக்கூட நேரம் இருந்தது, ஓட நேரமில்லை. ஆஸ்பத்திரியில் அந்த மூன்று பேர், நீ தட்டினாயா என்றுதான் கேட்டார்கள், வேறு சத்தம் ஏதாவது கேட்டதா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று முப்பத்து நாலு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். கால் போன கோபம், யார் மேலாவது அதை இறக்கி வைக்க வேண்டும், பாதத்தில் கேட்டது என்று அவர் சொன்னதை மூன்று பேரும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னபோது நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஸ்டூல் போயிற்று. நான் உட்கார்ந்தேன். அந்த ஸ்டூலுக்கு என்னால் ஏற முடியாது என்று தெரிந்து, என் கால் எவ்வளவு தூக்கும் என்று தூரத்திலிருந்தே அளந்து, அவர் எனக்கு ஏணி வைத்தார். தன் நம்பரை அடியில் அடித்தார், யார் கண்ணுக்கும் படாத பக்கத்தில். நானே என்றைக்காவது குனிந்து பார்ப்பேன் என்று நினைத்தாரோ. முட்டி மடங்காதவன் எப்படிக் குனிவான்.

நாலரை. ஐந்து. முள் ஐந்தில் வந்து நின்று காற்று ஒரு பெருமூச்சு விட்டது. ஃபர்சானா கீழேயிருந்து அண்ணாந்து, போலாமா ஐயா என்று கேட்டாள்.

"ஒரு நிமிசம்மா," என்றேன். "அந்த நானூத்திப் பதினேழு யாருன்னு எனக்குத் தெரியும். முதல்ல தெரியாதுன்னேன்லா, அது பொய்."

அவள் கையிலிருந்த நோட்டைத் திறந்தாள். ஞானதுரை, வெல்டர் என்றேன். அதற்கு முன்னால் இந்த வண்டியின் டிரைவர், எனக்கு முன்னால், என்னைவிட நல்ல டிரைவர், உயிரோடுதான் இருக்கிறார், ஒரே ஆள் என்று எழுதினீர்களே, அதை அடித்துவிடுங்கள் என்றேன். எதற்காக அந்தப் படி என்று கேட்டாள். என் இடது காலை ஸ்டூலுக்கு வெளியே நீட்டிக் காட்டினேன், பூட்ஸ் அடியிலிருந்த கட்டை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.  பிறகு குனிந்து எழுதினாள். கால் எப்படி ஐயா இப்படி ஆச்சு என்றாள்.

"அதை முதல்ல அவருகிட்ட சொல்லணும். சொல்லிட்டு உங்ககிட்ட சொல்லுதேன். நீங்க கேட்டுக்கிட்டே நில்லுங்க, ரெண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்ல."

என் போனில் அவர் நம்பர் இருக்கிறது. பென்ஷன்காரர்கள் சங்கத்தில் எல்லார் நம்பரையும் கொடுத்தபோது இசக்கிதான் ஏற்றினாள், பெயர் போடாமல் 417 என்று போட்டு வைத்தாள், ஆறு வருஷமாக அங்கேயே கிடக்கிறது. தைப்பொங்கலுக்குக் கண் ஆபரேஷன் ஆகி வீட்டோடு இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அடித்தேன். மணி போனது, எடுக்க மாட்டார், தூங்குவார், எடுத்தாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார், வைக்கட்டும், வைக்க அவருக்கு உரிமை இருக்கிறது.

"யாரு?" குரல் கிழடு தட்டியிருந்தது, ஆனால் அவர்தான்.

"முந்நூத்தித் தொண்ணூத்திரெண்டு," என்றேன். பெயர் வரவில்லை வாயில்.

 அவர் வைக்கவில்லை.

"அண்ணாச்சி," என்றேன். முப்பத்து நாலு வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சொல் அதன் இடத்திலேயே இருந்தது. "அன்னைக்கு ரெண்டு கல்லு விழுந்துச்சு, அண்ணாச்சி. முன் இரும்புல. எனக்கும் கேட்டுச்சு. அப்பவே கேட்டுச்சு. நான்தான் சொல்லல."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபர்சானா எழுதுவதை நிறுத்திவிட்டாள். போனில் அவர் மூச்சு விடுவது கேட்டது, ஒரு தடவை, இன்னொரு தடவை.

"பின்னால என்ன சத்தம் அது? ரெண்டாம் நம்பரா?"

"ஆமா அண்ணாச்சி. மியூசியத்துல வச்சிருக்காங்க. உள்ளதான் உக்காந்திருக்கேன்."

"படி கெட்டியா இருக்கா?"

 இருக்கு என்றேன். நீங்க போட்டது அண்ணாச்சி, எப்படிப் போகும் என்றேன். இன்றைக்குத்தான் பார்த்தேன், அடியில் இருக்கிற நம்பரையும் இன்றைக்குத்தான் பார்த்தேன், என் மகளுக்குக் கல்யாணம் ஆனதும் வீடு கட்டினதும் அந்தப் படியில் கால் வைத்துத்தான் என்றேன், என்னென்னவோ சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். சரிவே, போதும், அழாத என்றார். அப்புறம், எத்தனை கிலோ ஏறியிருக்கு என்று கேட்டார்.

"அஞ்சு."

"எங்க போகணும்?"

"பெயின்ட் கொட்டகைக்கு. நூறு அடிதான்."

கீழே ஃபர்சானா வேலப்பனைப் பார்த்துத் தலையை அசைத்தாள், அவன் கிரைண்டரின் வயரைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் நோட்டை மூடிவிட்டுத் தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். போனைக் காதோடு சேர்த்து வைத்திருந்தேன். அந்தப் பக்கம் அவர் எதையோ தேடி எடுப்பது கேட்டது, கரண்டியாக இருக்கலாம், கைத்தடியாக இருக்கலாம். கட்டில் கம்பியிலோ ஜன்னல் கம்பியிலோ தட்டினார். ஒன்று. இன்னொன்று.

நான் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தேன். நடுவில் யாரும் இல்லை. பிரேக்கை எடுத்தேன்.